மிதித்த பாத்தியில் ஓடிய செவலை

காணும் பொங்கல் காலை. முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, ஒரு கையில் பையும் இன்னொரு கையில் அம்மா கொடுத்தனுப்பிய கரும்புமாக உப்பளத்து வரப்பில் நடந்து வருகிறேன். எதிரே கண் கூசியது. வானத்து வெயில் போதாதென்று தரையிலும் ஒரு வெயில் கிடந்தது.

தரையில் அப்படி மின்னியது, உப்பு எடுக்காமல் விட்டிருந்த எங்கள் தரிசுப் பாத்தி. நான்கு நாளைக்கு முன்பு நான் ஊருக்குக் கிளம்பும்போது அது பொரபொரவென்று, உமிரிச் செடி முளைத்து, யாரும் சீந்தாமல் கிடந்தது. இப்போது புளி போட்டுத் தேய்த்த தாம்பாளம் போலப் பளபளத்தது. அதன் ஓரத்தில் பதினைந்து பெண்கள் வரிசையாக நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். முன்னால் நின்றவர் அஞ்சலை அக்கா. எங்கள் உப்பளத்துப் பெண்களுக்கெல்லாம் அவர்தான் மேஸ்திரி.

"வா எம்மா, வா! எப்படி இருக்குது பாரு. காக்கா நடந்தாகூட தடம் வுழாது."

அன்று சாயங்காலம் அந்தத் தரையில் எங்கள் குதிரை ஓட வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலால் ஓங்கி ஒரு குத்துக் குத்திப் பார்த்தேன். தடம் விழவில்லை. குதிகால்தான் வலித்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர்கள் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கூடம் கோணல்தான்

சென்ற வாரம் லாயத்துக் குடியிருப்பில் நான் வளர்ந்ததை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "குதிரைக்கு நாலு கால் இருக்கிறது, ஓடப்போகிறது, தரையைப் பற்றி ஏன் இவ்வளவு புலம்புகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்றுதானே நமக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள்! ஆனால் வாசகி அம்மா, குதிரைப் பந்தயத்தில் மட்டும் கூடம் நிஜமாகவே கோணல்.

என் அப்பா நகரத்து ரேஸ் மைதானத்தில் குதிரைகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவர். பந்தய நாளன்று விடிந்ததும் அவர் செய்கிற முதல் வேலை, புல்தரையில் இறங்கிக் குதிகாலை ஊன்றிப் பார்ப்பது. அதற்கென்று கம்பியும் கருவியும் வைத்து அளக்கிற அதிகாரிகள் உண்டு. அப்பா அவர்களை மதிப்பார், நம்பமாட்டார். "மண்ணு குதிகாலை வாங்கிக்கணும். வாங்கினதைப் பிடிச்சி வச்சிக்கக் கூடாது" என்பார். அவருடைய சாஸ்திரம் மொத்தமும் அவ்வளவுதான்.

மண் குதிகாலை வாங்கவே இல்லையென்றால் தரை கட்டி. குதிரை வேகமாகத்தான் ஓடும், பார்க்கிறவர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் ஒவ்வொரு அடியும் குளம்பிலிருந்து தோள்வரை இடிக்கும். வாங்கியதை விடாமல் பிடித்துக்கொண்டால் தரை சேறு. ஒவ்வொரு காலையும் பிடுங்கிப் பிடுங்கி வைப்பதற்குள் குதிரைக்கு மூச்சு வாங்கிவிடும். மணல்தடம் இன்னொரு தொல்லை. முன்னால் போகிற குதிரை வாரியடிக்கிற மணல் பின்னால் வருகிறதின் மூஞ்சியில் விழும். சில குதிரைகள் அதற்கே கோபித்துக்கொண்டு நின்றுவிடும்.

குளம்பு அகலமான குதிரைக்கு ஈரத்தரை பிடிக்கும். சின்னக் குளம்புக்காரருக்குக் காய்ந்த தரை. மழை பெய்தால் மட்டுமே ஜெயிக்கிற குதிரை ஒன்று அப்பாவின் பொறுப்பில் இருந்தது. அதன் சொந்தக்காரர் குதிரையைப் பார்த்ததைவிட மேகத்தைப் பார்த்ததுதான் அதிகம்.

இப்படிப்பட்ட வீட்டிலிருந்து மரக்காணத்து உப்பளக் குடும்பத்துக்கு நான் மருமகளாக வந்தேன். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் "ரேஸ்" என்ற சொல்லைக் கேட்டு ஒரு மாதம் வாயே திறக்கவில்லை. சொத்தையெல்லாம் குதிரை வாலில் கட்டிவிட்ட குடும்பம் என்று நினைத்திருக்கிறார்கள். அப்பாவுக்குக் குதிரை வால் தெரியும், வாருவதற்காக. அதன்மேல் பணம் கட்டியதே இல்லை. இது புரிந்த பிறகுதான் தட்டு மாற்றினார்கள். ஆனாலும் ஊரில் எனக்கு விழுந்த பெயர் ரேஸம்மா.

செவலை

அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் ஒருநாள் போன் செய்தார். ஒரு பெண் குதிரை, நல்ல செவலை நிறம். மழை பொய்த்த ஒரு பருவத்தில், காய்ந்து இறுகிய தரையில் ஓடி, இடது முன்காலின் பின்பக்கத்து நரம்பு வீங்கிவிட்டதாம். இனி பந்தயத்துக்கு ஆகாது. யாராவது வைத்துக்கொண்டால் தேவலை, இல்லாவிட்டால் என்ன ஆகுமோ தெரியாது என்றார்.

நான் யோசிப்பதற்குள் என் கொழுந்தன் செல்வம் லாரி பேசிவிட்டான். செல்வம் ஒல்லியான ஆள். அவன் எடையில் பாதி மீசை என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அந்த மீசைக்கு அவன் வைத்துக்கொள்கிற எண்ணெயில் ஒரு குடும்பம் தாளித்துச் சாப்பிடலாம்.

வந்து இறங்கிய செவலை அந்தக் காலைத் தரையில் ஊன்றவே பயந்தது. வீங்கிய இடத்தில் கை வைத்தால் இட்லிச்சட்டியைத் தொட்டதுபோலச் சுட்டது. குதிரையின் கால் நலமாக இருந்தால் தொடுவதற்குக் குளிர்ந்திருக்கும். சுட்டால் உள்ளே ஏதோ கெட்டிருக்கிறது என்று அர்த்தம்.

எங்களிடம் மருந்துக்குப் பஞ்சமில்லை. உப்பளத்துக்குக் கடல்தண்ணீர் வருகிற கால்வாயில் காலையும் மாலையும் அதை நிற்கவைத்தோம். சூடு குறைந்த பிறகு விடியற்காலையில் கடற்கரைக்கு நடத்திக்கொண்டு போவேன். அலை வந்து திரும்புகிற இடத்தில் ஒரு ஈரப் பட்டை உண்டு. மேலே ஏறினால் மணல் காலை இழுக்கும், கீழே இறங்கினால் அலை இழுக்கும். அந்தப் பட்டையில் மட்டும் மண் குதிகாலை வாங்கும், திருப்பியும் கொடுக்கும். அதன்மேல் ஒரு வருஷத்துக்கும் மேலாக நானும் செவலையும் நடந்தோம். மழை நாளிலும் நடந்தோம். என் முழங்கால் வலி போனதும் அப்போதுதான்.

கடைசியில் நடையிலிருந்து ஓட்டத்துக்கு அதுவே என்னை இழுக்க ஆரம்பித்தது. திண்டிவனத்துக் கால்நடை டாக்டர் காலை நீவிப் பார்த்துவிட்டு, "கொஞ்ச தூரம் ஓடலாம்மா. தரை நல்லா இருக்கணும். இந்த நரம்பு இன்னொரு தரம் போச்சுன்னா அப்புறம் எழுந்து நிக்காது" என்றார்.

அதை நான் செல்வத்திடம் சொன்னேன். "கொஞ்ச தூரம் ஓடலாம்" என்பதோடு அவன் காது அடைத்துக்கொண்டது.

இரண்டு மீசைகள்

செல்வத்தின் சிநேகிதன் ஏழுமலை கடலோரக் குப்பத்துக்காரன். கரையில் சுற்றிப்பார்க்க வருகிறவர்களை ஏற்றிச் சவாரி விடுவதற்கு ஒரு வெள்ளைக் குதிரை வைத்திருந்தான். பெயர் ராக்கெட். ஏழுமலைக்கும் மீசை உண்டு. இரண்டு மீசைகள் ஒரே டீக்கடையில் நின்றால் என்ன நடக்குமோ அது நடந்தது. காணும் பொங்கலன்று பந்தயம். தோற்றவன் மீசையை எடுத்துவிட வேண்டும்.

"எங்க கரையில ஓட்டலாம், மணலு இருக்குது" என்றான் ஏழுமலை.

"மணலு உன் குதிரைக்கு ஊட்டு வாசலுடா. உப்பளத்துல வா" என்றான் செல்வம்.

இரண்டு பேரும் நியாயம் கேட்டு என்னிடம் வந்தார்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஆசை. ஒரு வருஷம் நடத்தியவளுக்கு அது ஒரே ஒரு தடவை கால் நீட்டி ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்று இருக்காதா?

காய்ந்த மணலில் கால் புதையும், பழைய நரம்பு இழுபடும். ஈரப் பட்டையில் இரண்டு குதிரைக்கு இடமில்லை. தேடித் தேடி அந்தத் தரிசுப் பாத்தியைக் கண்டுபிடித்தேன். பல வருஷமாக உப்பு எடுக்காததால் மண் தானாகவே பொலபொலத்திருந்தது. ஒரு கோடியில் தென்னை, மறு கோடியில் மோட்டார் கொட்டகை. குதிகாலை ஊன்றினேன். மண் வாங்கியது, விட்டது. அப்பா இருந்திருந்தால் தலையாட்டியிருப்பார்.

அந்த நேரம் பார்த்து அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். கிளம்புகிற அவசரத்தில் அஞ்சலை அக்காவிடம், "அக்கா, செடியெல்லாம் எடுத்துட்டு இடத்தை நல்லா பண்ணி வையுங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

உப்பளத்துப் பெண்ணிடம் போய் ஒரு நிலத்தை "நல்லா பண்ணி வை" என்றால் அவர் என்ன செய்வார்?

மிதி

மழைக்காலம் முடிந்து தண்ணீர் வடிந்ததும் எங்கள் பக்கம் பாத்தி மிதிப்பார்கள். களிமண்ணை நனைத்து, பெண்கள் தோளோடு தோள் சேர்ந்து, உள்ளங்காலைப் படியவைத்து இம்மி இம்மியாக நகர்ந்து மிதிப்பார்கள். காயவிட்டு மறுபடி மிதி. தரை இறுகினால்தான் உப்புத்தண்ணீர் கீழே இறங்காது, வாரும்போது உப்பில் மண் ஒட்டாது. மிதித்த பாத்தியில் ஒரு தடம் விழுந்தால் அது மிதித்தவர்களுக்கு அவமானம்.

அதனாலேயே அஞ்சலை அக்காவுக்குத் தடம் படிக்கத் தெரியும். ஒருமுறை ஈரப் பாத்தியில் யாரோ குறுக்கே நடந்துவிட்டார்கள். அக்கா குனிந்து பார்த்துவிட்டு நேராக என் வீட்டுக்காரரிடம் வந்து, "மொதலாளி, வலது கால்ல முள்ளு கிள்ளு குத்திக்கிச்சா? அந்தக் காலை மட்டும் லேசா வச்சிருக்கீங்களே" என்றார். அதுவரை இவர், "நான் போகவே இல்லை" என்று சாதித்துக்கொண்டிருந்தவர். காலைத் தூக்கிப் பார்த்தால் கருவேல முள்.

அந்த அஞ்சலை அக்காதான், பொங்கல் லீவில் யாரும் கூப்பிடாமலே பதினைந்து பேரைச் சேர்த்து, நான்கு நாள் நனைத்து நனைத்து மிதித்து, என் குதிரைக்குக் கண்ணாடித் தரை போட்டுக் காத்திருந்தார். கூலி பேசவில்லை. ரேஸம்மா குதிரை ஓடப்போகிறது என்கிற பாசம் ஒன்றுதான்.

"அண்ணி, சூப்பரா இல்ல? சிமெண்ட் ரோடு மாதிரி!" என்று செல்வம் ஓடி வந்தான்.

"இந்த மாதிரி தரையிலதான் தம்பி அவ கால் போச்சு."

மேலே காலைப் பனிக்கு உப்புக் கசிந்து வழுக்கல். அடியில் பாறை போல இறுக்கம். அதில் செவலை சறுக்கினால் டாக்டர் சொன்னதுதான் நடக்கும். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அஞ்சலை அக்காவின் முகம் சுருங்கிப்போனது. பெண்களில் ஒருத்தி தன் வெடித்த பாதத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். அவர்கள் செய்தது தப்பே இல்லை. சொல்லத் தெரியாமல் சொல்லிவிட்டுப் போன நான்தான் தப்பு.

"பந்தயம் வேணாம்" என்றேன்.

செல்வம் மீசையைத் தடவினான். பிறகு சாதாரணமாக, "சரி அண்ணி. சலூன் தொறந்திருக்கும். இப்பவே போயி எடுத்துட்டு வந்துடறேன்" என்றான். அவன்மேல் எனக்கு அன்று வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

"நில்லுப்பா" என்றார் அஞ்சலை அக்கா. "நாங்க போட்டதை எங்களுக்குப் பிரிக்கத் தெரியாதா? எம்மா, உனுக்கு எப்படி வேணும்? அதைச் சொல்லு மொதல்ல."

பாத்தியைக் கெடுத்த கதை

அப்போது எனக்குக் கோட்டக்குப்பத்து பாய் நினைவுக்கு வந்தார். வளைகுடாவில் குதிரை லாயத்தில் வேலை. ஊருக்கு வரும்போதெல்லாம் செவலையைப் பார்க்காமல் போகமாட்டார். அங்கே மணலோடு நாரும் மெழுகும் கலந்து பந்தயத் தரை போடுகிறார்கள் என்று ஒருமுறை வாட்ஸப்பில் படம் அனுப்பியிருந்தார். "அக்கா, இங்க மண்ணுக்கே எண்ணெய் தேய்ச்சு குளிப்பாட்டுறாங்க. நம்ம புள்ளைங்களுக்குக்கூட இவ்ளோ செய்யறதில்ல!"

மெழுகுக்கு எங்கே போவது? நாருக்குப் பதிலாக உமி கிடைக்கும். பெருமுக்கல் பக்கத்து ரைஸ் மில்லுக்குப் போன் போட்டோம். உமி ஏற்றிவர வண்டி கொடுத்தது யார் என்கிறீர்கள்? ஏழுமலை. "என் ராக்கெட்டுக்கும் நாலு காலுதான அண்ணி இருக்குது" என்றான்.

மண்வெட்டி, கடப்பாறை, உப்பு வாரும் பலகை எல்லாம் வந்தன. நான்கு விரல் ஆழத்துக்குக் கொத்தி, கட்டியை உடைத்து, உமியைத் தூவிக் கலந்தோம். முதல் கொத்து விழுந்தபோது அஞ்சலை அக்கா கண்ணை மூடிக்கொண்டார். "பொறந்ததிலேர்ந்து ஒரு பாத்தியைக் கெடுத்ததில்லடியம்மா" என்றார். அரைமணி நேரத்தில் அந்தப் பெண்களுக்கு அது பிடித்துப்போய்விட்டது. காலமெல்லாம் உள்ளங்காலால் அமுக்கியவர்கள், குதிகாலால் குத்திக் குத்திக் கும்மியடித்தார்கள். வரப்பில் வேடிக்கை பார்த்தவர்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள்.

வெயில் சாயும்போது மோட்டார் கொட்டகைக்குக் கொஞ்சம் முன்னால் உமி தீர்ந்துவிட்டது. அந்த இடத்திலேயே கோட்டைப் போட்டு, பந்தயம் இதுவரைதான் என்று அறிவித்தோம். நான் நடந்து நடந்து குதிகாலை ஊன்றிப் பார்த்தேன். மண் வாங்கியது, விட்டது.

மோட்டார் பைக் ஹெல்மெட்டோடு செல்வமும் ஏழுமலையும் ஏறினார்கள். ஓடச் சொல்லித் துண்டு விழுந்தது.

ராக்கெட் முதலில் பாய்ந்தது. மணலில் பழகிய குதிரை, காலை உயர உயரத் தூக்கி வைக்கும். செவலைக்குத் தரையை நம்பக் கொஞ்சம் நேரமாயிற்று. முதல் பத்து எட்டையும் யோசனையாக வைத்தது. அதன் பிறகு கழுத்தை நீட்டியது பாருங்கள்! உமியும் மண்ணும் பறக்க, பாதி தூரத்தில் ராக்கெட்டைத் தொட்டு, தாண்டி, ஒரு கழுத்து முன்னால் போய்விட்டது. நான் வயசை மறந்து கத்தினேன். அஞ்சலை அக்கா என் தோளில் அடித்துக்கொண்டே இருந்தார்.

அந்தச் சந்தோஷத்தின் நடுவில்தான் எனக்குச் சுரீர் என்றது. ஓடுகிற குதிரை கோட்டிலேயே நிற்குமா? தாண்டி எவ்வளவோ தூரம் போய்த்தானே நிற்கும்! கோட்டுக்கு அந்தப்புறம் நாங்கள் தொடாத கண்ணாடித் தரை. ஓட இடம் பார்த்தேனே தவிர நிற்க இடம் பார்க்கவில்லை. லாயத்தில் வளர்ந்தவளாம் நான், ரேஸம்மாவாம்!

"தம்பீ! புடி! புடி!" என்று அலறினேன். அந்தச் சத்தத்தில் யார் காதில் விழும்?

ஆனால் செல்வமும் பார்த்துவிட்டான். ஜெயிக்க இன்னும் நூறு அடி இருக்கும்போது, முன்னால் போய்க்கொண்டிருந்தவன், மெதுவாக, வாய் கிழியாமல் கடிவாளத்தைப் பிடித்தான். செவலை வேகம் குறைந்து, துள்ளி, நடந்து, உமித் தரையிலேயே நின்றது. ராக்கெட் பக்கத்தில் பறந்து போய்க் கோட்டைத் தொட்டது.

ராக்கெட்டுக்குச் சவாரிப் பழக்கம். முடிகிற இடம் வந்ததும் ஆணியடித்ததுபோல நின்றுவிடும். நின்றது. ஏழுமலை நிற்கவில்லை. குதிரையின் தலைக்கு மேலாகப் போய்க் கண்ணாடித் தரையில் உட்கார்ந்த வாக்கில் விழுந்து, அப்படியே சறுக்கிக்கொண்டே மோட்டார் கொட்டகை வரைக்கும் போனான். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, லுங்கியைத் தவிர.

"ஜெயிச்சிட்டேன்டா!" என்றான் தரையிலிருந்தே.

மறுநாள்

அன்று சாயங்காலமே செல்வத்தின் மீசை போயிற்று. பதினெட்டு வயசுப் பையன் போல இருந்தான். அவன் மனைவி மட்டும் இதுதான் நன்றாக இருக்கிறது என்றாள்.

எனக்குத் தூக்கமில்லை. பந்தயம் முடிந்ததும் செவலையின் காலைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்துதான் இருந்தது. ஆனால் நரம்பு அடிபட்டிருந்தால் மறுநாள்தான் காட்டிக்கொடுக்கும். விடிந்ததும் லாயத்துக்கு ஓடினேன். செவலை இல்லை. எனக்கு முன்பே செல்வம் அதைக் கால்வாய்க்கு நடத்திக்கொண்டு போயிருந்தான். தூரத்தில் இருவரும் தெரிந்தார்கள். செவலை அவன் மேலுதட்டை மோந்து மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அவர்கள் கடந்துபோன பந்தயத் தரையில் அஞ்சலை அக்கா குந்தி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், வராதே, அங்கேயே நில் என்பதுபோலக் கையைக் காட்டினார். கொத்திப்போட்ட மண்ணில் அன்று காலை நடந்துபோன குதிரையின் தடங்கள் புதுசாக இருந்தன. ஒவ்வொரு தடத்திலும் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டே அவர் நகர்ந்துகொண்டிருந்தார். இடது முன்கால் தடத்தில் இரண்டு முறை விட்டுப் பார்த்தார்.

நான் வரப்பிலேயே நின்றேன்.

"நாலும் ஒரே ஆழம், எம்மா" என்றார். "எந்தக் காலையும் அது லேசா வைக்கல."

நேற்று அடக்கிய அழுகையை அங்கேயே வரப்பில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன். இந்தமுறை அது எந்தக் கண்ணீர் என்று அக்காவுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர், செவலையின் தடம் ஒன்றையும் மிதித்துவிடாமல், ஓரமாகச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார்.